ஆலோசனை கேட்டவனுக்குப் பந்தயப் போர்டை விற்றது பற்றிய புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: பாய் கட்டிக் காற்றில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங் போர்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. ஜூலையில் 2,35,000 ரூபாய் கொடுத்து வாங்கிய அந்தச் சிவப்பு போர்டைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். எந்தப் போர்டு என்பது தங்களுக்கே தெரியும்.

நான் முதலில் கேட்டது 205 லிட்டர் நீல போர்டை. பத்து நாள் பயிற்சியில் நான் கற்றுக்கொண்டதும் அதைப் போன்ற ஒன்றில்தான். அகலமானது, நடுவே, பக்கவாட்டில் நழுவாதபடி தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் டேகர்போர்டு உள்ளது, மேல்தளம் மென்மையானது. பணம் கட்டுமுன் தங்கள் விற்பனைப் பிரிவை அழைத்து எதையும் மறைக்காமல் சொன்னேன்: வயது 51, எடை 82 கிலோ, பழக்கம் பத்து நாள், கடல் மண்டபத்து வடகடல், அதாவது பாக் விரிகுடா, எனக்குப் பின் என் மகளும் கற்றுக்கொள்ளப் போகிறாள். இதற்கு மேல் ஒருவன் என்ன சொல்ல வேண்டும்? "நீல போர்டு மூன்றே மாதத்தில் சலித்துவிடும் சார், பந்தய போர்டை எடுங்கள், ஒலிம்பிக்கில் ஓடுவதும் இந்த வகைதான்" என்றார்கள். நம்பினேன்.

வந்தது வேகப் பந்தயத்துக்கான 110 லிட்டர் ஸ்லாலம் போர்டு. நான் 82 கிலோ. பாய், பாய்மரம், கைப்பிடியான பூம் சேர்ந்து 11 கிலோ. போர்டு 7 கிலோ. மொத்தம் 100. ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மிச்சமிருக்கும் பத்து லிட்டர் மிதப்பில், தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிறு பிடித்து நின்று தூக்க வேண்டும் என்கிறீர்கள். ஆழத்தில் ஒரு முறைகூட முடியவில்லை.

ஒலிம்பிக் என்று சொன்னதும் பொய். 2008 முதல் டோக்கியோ வரை ஓடிய ஆர்எஸ்:எக்ஸ் வகை போர்டு 93 செ.மீ. அகலம், டேகர்போர்டும் உண்டு. 2024இல் பாரிஸில் ஓடிய ஐக்யூஃபாயில் வகை தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறப்பது. எனக்கு அனுப்பியதன் அகலம் 68 செ.மீ.; டேகர்போர்டு கிடையாது.

ஆகஸ்டில் நடந்ததைத் தாங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வடகடலில் கரையிலிருந்து வெளியே தள்ளும். அன்று காற்று மெல்லிதாகத்தான் இருந்தது. டேகர்போர்டு இருந்திருந்தால் மெல்லக் காற்றுக்கு எதிராகத் திரும்பியிருப்பேன். அது இல்லாததால் போர்டு பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மீன்பிடித்துத் திரும்பிய வல்லத்துக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் என் மகள் அழுதுகொண்டு நின்றாள். என் உயிருக்குத் தங்கள் நிறுவனம் என்ன விலை போடும்?

அதற்கு அடுத்த வாரம், இடுப்பளவு ஆழத்தில், போர்டின் அடியில் மீன் துடுப்புபோலச் செங்குத்தாக நிற்கும் அந்த 42 செ.மீ. ஃபின் கடற்புல்லில் சிக்கிக்கொண்டது. போர்டு சட்டென்று நின்றது, நான் முன்னால் பறந்தேன், பாய்மரம் போர்டின் மூக்கில் அடித்து மேல்தோல் விரிசல் விட்டது. பாக் விரிகுடா முழுக்கக் கடற்புல் என்று இந்தக் கரையில் சிறுபிள்ளையும் சொல்லும். புல் வழுக்கிப் போகும்படி பின்னால் சாய்ந்த ஃபின் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்றாவது ஒருவர் சொல்லியிருக்கலாமே.

இதையெல்லாம் சொல்லத்தான் தங்கள் சேவை எண்ணை அழைத்தேன். மூன்றாவது அழைப்பில் பேசிய ஊழியர், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இருக்கிறது சார்" என்றார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. அழைப்புகளைப் பதிவு செய்வதாகத் தாங்களே அறிவிக்கிறீர்கள். எடுத்துக் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஆடத் தெரியாது என்றுதானே முதல் நாளே சொன்னேன்! அதற்கேற்ற கூடம்தானே கேட்டேன்!

அதோடு விட்டீர்களா? போர்டைச் சென்னைக் கிடங்குக்கு நேரில் கொண்டு வந்தால்தான் பரிசோதிப்போம் என்றீர்கள். தாங்கள் குறித்த தேதி ஆயுத பூஜை. விடுமுறையாயிற்றே என்று இரண்டு முறை கேட்டேன், திறந்திருக்கும் என்றார்கள். தன் வண்டிக்குப் பூஜைகூடப் போடாமல் ஓட்டுநர் எனக்காக வந்தார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், இரவு முழுவதும். போய் நின்றால் கதவில் வாழைக்கன்று கட்டிப் பூட்டியிருக்கிறது. காவலாளி மட்டும் இருந்தார். நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார். போர்டைப் பார்த்துவிட்டு, "இதுவா? இரண்டு வருடமாக மூலையில் கிடந்ததே" என்றார். ஏன் எனக்குப் பந்தய போர்டைப் பரிந்துரைத்தீர்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அவரைத் தயவுசெய்து எதுவும் கேட்காதீர்கள்.

மூக்கில் விரிசல் விட்டது என் தவறு, அதனால் வாரன்டி இல்லை என்கிறீர்கள். என்னுடைய ஐந்து வருடச் சேமிப்பு இது. கச்சான் பருவம் முழுவதும் வீணாயிற்று. மகள் இனிக் கடலில் இறங்க மாட்டேன் என்கிறாள். அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை இல்லை. இப்போதும் நீல போர்டைக் கொடுத்து மீதிப் பணத்தைத் தந்தால் ஏற்றுக்கொள்வேன். இல்லை, அதையும் இனித் தங்களிடம் வாங்குவதாக இல்லை. 2,35,000 ரூபாய், சென்னை சென்று வந்த வண்டிச் செலவு 26,000 ரூபாய், மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம், இவற்றோடு அந்த ஊழியரின் எழுத்துபூர்வமான மன்னிப்பு, அதுவும் என் மகளின் பெயருக்கு. பதினைந்து நாள் காத்திருப்பேன். அதன் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் இராமநாதபுரம் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் தொடுப்பேன். அப்போது ஐந்நூறு கிலோமீட்டர் பயணம் தங்களுடையது.

போர்டு என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும் வாடிக்கையாளர்