டி.டி. ஊசிக்கு அப்புறம் என்ன? கர்ப்பிணிகளுக்கு யாராவது விவரமாகச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு இப்போது 35ஆவது வாரம் நடக்கிறது, முதல் பிரசவம். உங்கள் நாளிதழில் கர்ப்பிணிகளுக்காக வரும் பக்கத்தை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறேன். முருங்கைக்கீரை, பேரீச்சை, இரும்புச்சத்து மாத்திரை, எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்று எல்லாம் வந்துவிட்டது. தடுப்பூசி பற்றி மட்டும் நான் படித்தவரை ஒரு வரி இல்லை. எங்கள் வீட்டில் ஒன்றரை மாதம் ஓடிய சண்டையே அதைப் பற்றித்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

மூன்றாம் மாதம் எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிக்மி என்ற பதிவு நம்பர் வாங்கி, முதல் டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். அடுத்த மாதம் இரண்டாவது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, மாமியார்தான் கூடவே வந்து உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு 28ஆவது வாரத்தில் ஈரோட்டில் நான் காட்டும் டாக்டர், ஃப்ளூ ஊசி ஒன்று, டிடாப் ஊசி ஒன்று என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, "இந்த மாசத்துக்குள்ள போட்டுக்கோங்க" என்றார். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டும் சேர்ந்து மூவாயிரத்தைத் தாண்டும் என்று மருந்துக் கடையில் சொன்னதும் வீட்டில் பேச்சு ஆரம்பித்தது.

அத்தை, அதாவது என் மாமியார், சொன்னது ஒரே வார்த்தைதான். "கவர்மென்ட்டு ஆஸ்பத்திரியில போடாத ஊசி நமக்கெதுக்கு அம்மிணி? அவசியம்னா அவங்களே போட்டிருக்க மாட்டாங்களா?"

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தை படிக்காதவர் இல்லை, பொய் செய்தியைப் பரப்புகிறவரும் இல்லை. அரசாங்கம் போடும் ஊசியை நம்புகிறவர், தனியாரில் எழுதித் தருவதை நம்பாதவர். இந்த ஊரில் வாழ்ந்த அனுபவத்தில் வந்த சந்தேகம் அது. வளைகாப்புக்கு வந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அத்தை சொன்னதையே சொன்னார்கள். மீதிப் பேர், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எந்த மருந்தும் உள்ளே போகக் கூடாது என்றார்கள், அதையும் முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. தட்டம்மை–ருபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி போன்ற உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியை வைத்துச் செய்யும் ஊசிகளைக் கர்ப்ப காலத்தில் போடுவதில்லை, போட்டால் ஒரு மாதமாவது கழித்துத்தான் கருத்தரிக்க வேண்டும் என்கிறார்கள். கொரோனா நேரத்தில் கர்ப்பிணிகளுக்கு முதலில் ஊசி இல்லை என்றார்கள், அப்புறம் 2021 ஜூலை 2ஆம் தேதி போடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. ஆரம்பச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, அதனால்தான் அந்தத் தாமதம், ஆனால் அதை யார் உட்கார்ந்து விளக்கினார்கள்? முன்னே ஒன்று சொன்னார்கள், பின்னே ஒன்று சொன்னார்கள் என்பது மட்டும்தான் ஜனங்கள் மனதில் நின்றது.

அடுத்த பரிசோதனையின்போது ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். இந்தத் தடவை டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார், அதற்காக அவருக்கு நன்றி. நான் புரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன்.

அரசு போடும் டி.டி. இப்போது பழைய டி.டி. இல்லை. முன்பு அது டெட்டனஸ் டாக்ஸாய்டு, ரண ஜன்னிக்கு மட்டும். 2019 வாக்கில் அதை மாற்றி, தொண்டை அடைப்பானுக்கான மருந்தையும் சேர்த்து டெட்டனஸ்–டிப்தீரியா ஊசியாக்கிவிட்டார்கள். தமிழில் இரண்டையும் டி.டி. என்றுதான் எழுதுகிறோம், அதனால் மாறியதே நம்மில் யாருக்கும் தெரியவில்லை. டிடாப்பில் இந்த இரண்டோடு கக்குவான் இருமலுக்கான மருந்தும் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு டி.டி. ஊசியும் போட்டவர்கள்கூட இதைப் போடலாமாம். உயிருள்ள கிருமி இதில் கிடையாது, கையில் போடும் ஃப்ளூ ஊசியிலும் கிடையாது.

கக்குவான் இருமல் பெரியவர்களுக்கு வந்தால் பல வாரம் இருமித் தொலைப்போம். பிறந்து ஒரு மாதமான குழந்தைக்கு அப்படி இல்லை. சில சமயம் இருமலே வராமல், மூச்சு நின்று நின்று உடம்பு நீலம் பாய்ந்துவிடும் என்றார் டாக்டர். குழந்தைக்கு அதற்கான முதல் ஊசி ஒன்றரை மாதத்தில்தான். அதுவரை பிள்ளைக்கு இருக்கும் ஒரே காப்பு அம்மா உடம்பிலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகும் எதிர்ப்புச் சக்திதான், அது போய்ச் சேர அவகாசம் வேண்டும் என்பதால்தான் 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். அந்தச் சக்தி நம் உடம்பில் சீக்கிரமே குறைந்துவிடுமாம், அதனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகப் போட வேண்டும். பிரிட்டனில் 2012இல் கக்குவான் இருமல் பரவி 14 பச்சைக் குழந்தைகள் இறந்துபோயின. அந்த வருடம் அக்டோபரிலேயே அங்கே கர்ப்பிணிகளுக்கு இலவசமாக ஊசி போட ஆரம்பித்தார்கள். பிறகு கணக்குப் பார்த்ததில், அம்மா ஊசி போட்டிருந்தால் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குக் குழந்தைக்கு நோய் வராமல் தடுத்தது தெரிந்தது.

ஃப்ளூவும் இதே கதைதான். ஆறு மாதம் வரை குழந்தைக்கு அந்த ஊசியே போட முடியாது. 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது கர்ப்பிணிகள்தான் ரொம்பவும் அவதிப்பட்டார்கள், உலக சுகாதார நிறுவனம் 2012இல் ஃப்ளூ ஊசிக்குக் கர்ப்பிணிகளை முதல் வரிசையில் வைத்தது.

இவ்வளவு கேட்டும் அத்தையின் கேள்வி அப்படியே நின்றது, அரசாங்கம் ஏன் போடவில்லை? அதற்கு எனக்குக் கிடைத்த பதில் டாக்டரிடமிருந்து இல்லை, என் நாத்தனார் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளிலிருந்து. மூத்தவனுக்கு நிமோனியாவுக்கான பிசிவி ஊசியைத் தனியாரில் காசு கொடுத்துத்தான் போட்டார்கள். சின்னவளுக்கு அதே ஊசி சுகாதார நிலையத்திலேயே இலவசம், ஏனென்றால் 2021இல் நாடு முழுக்க அது அரசுப் பட்டியலுக்கு வந்துவிட்டது. இரண்டு அட்டைகளையும் அத்தை முன்னால் விரித்து வைத்தேன். 2020இல் பிறந்தவனுக்கு அந்த ஊசி அவசியமில்லாமலா இருந்தது? பட்டியலில் ஒன்று இல்லை என்றால் அது தேவையில்லை என்று அர்த்தமில்லை, கோடிக்கணக்கான பேருக்குப் போட இன்னும் முடிவோ பணமோ ஒதுக்கவில்லை என்றுகூட இருக்கலாம். அத்தை இரண்டு அட்டைகளையும் ரொம்ப நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சை முடித்தது எங்கள் அம்மாயிதான், என் அம்மாவைப் பெற்றவர், எண்பது வயதைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், தனக்கு இரண்டாவதாகப் பிறந்த ஆண் குழந்தையைப் பற்றிச் சொன்னார், எனக்கே அதுவரை தெரியாது. நன்றாகத்தான் பால் குடித்ததாம். ஏழாம் நாள் வாய் திறக்கவில்லை, பாலைப் பீய்ச்சி விட்டாலும் உள்ளே இறங்கவில்லை, தொட்டால் முதுகு வில் மாதிரி வளைந்ததாம். தொப்புள் கொடியை வீட்டில் கிடந்த அரிவாளில் அறுத்துச் சாம்பல் வைத்தார்கள், காத்து கருப்பு என்று மந்திரித்தார்கள், ஒன்பதாம் நாள் போய்விட்டது. "அப்ப அந்த ஊசி இருந்து, நம்மூருக்கு வந்திருந்தா உம் மாமனுக்கு இப்ப அறுபது வயசு" என்றார். உலகம் முழுக்க 1988இல் மட்டும் ஏழு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் பச்சைக் குழந்தைகள் இப்படி ரண ஜன்னியில் போனதாக உலக சுகாதார நிறுவனக் கணக்கு சொல்கிறது. இன்று பிரசவ வார்டில் அந்த நோயைப் பார்ப்பதே அபூர்வம், 2015இல் இந்தியா அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள், அதில் நாம் கேள்வி கேட்காமல் போட்டுக்கொள்ளும் டி.டி.க்கும் சுத்தமான பிரசவத்துக்கும் பெரிய பங்கு.

நான் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கை வலித்தது, லேசாக உடம்பு சுட்டது, சரியாகிவிட்டது. அதற்கு முன்னால் ஒன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். முதலில் வாங்கிய கடையில் டிடாப்பைச் சாதாரண பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள், வீட்டுக்காரர் அதை மத்தியான வெயிலில் பைக்கில் மாட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போட மாட்டேன் என்றுவிட்டார். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. வேறொரு கடையில் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பையோடு வாங்கி வர வேண்டியதாயிற்று, முதலில் கொடுத்த காசு போனது போனதுதான். சுகாதார நிலையத்தில் செவிலியர் ஊசி மருந்துப் பெட்டியைத் திறந்து மூடுவதை ஒரு தடவை பார்த்தால் தெரியும், அந்தக் கவனம் காசு கொடுத்த இடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

சுகாதாரத் துறைக்கு இந்தக் கடிதத்தின் மூலம் இரண்டு வேண்டுகோள். டிடாப்பையும் ஃப்ளூ ஊசியையும் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுங்கள், மூவாயிரம் ரூபாய் என்பது நூல் மில்லுக்குப் போகும் பெண்ணுக்குப் பல நாள் கூலி. அது வரும் வரைக்கும், எந்த ஊசி எதற்கு, எந்த வாரம், எதைப் போடவே கூடாது என்று தாய் சேய் நல அட்டையோடு தமிழில் ஒரு பக்கம் சேர்த்துக் கொடுங்கள். வேண்டாம் என்று முடிவெடுக்கிறவளும் விஷயம் தெரிந்து முடிவெடுக்கட்டும். உங்கள் நாளிதழும் அந்தப் பக்கத்தில் ஒரு வாரம் இதை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் சித்தி மகளுக்கு இப்போது நாலாம் மாதம். இந்தப் புதன்கிழமை இரண்டாவது டி.டி.க்குப் போகிறாள், என்னிடம் நேற்று போனில் அதே கேள்வியைத்தான் கேட்டாள். நோட்டில் நான் எழுதி வைத்த அந்த அரைப் பக்கத்தைத்தான் அவளுக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு மாவட்டம்