நைனாவின் காலும் நீ கேட்ட கேள்வியும்

அன்புள்ள முரளிக்கு,

நேற்று ஃபோனைக் கோபமாக வைத்துவிட்டாய். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். "பணம் நான் அனுப்புகிறேன், ஆபரேஷன் பண்ணி நைனா காலில் இருக்கிற அந்த ரத்தக்கட்டியை எடுக்கச் சொல்" என்றாய். காசுக்குப் பார்த்து மாத்திரையோடு நிறுத்திவிட்டோம் என்று நினைக்காதே கண்ணு.

காட்பாடி ரோட்டில் வண்டியோடு விழுந்து நைனாவுக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு போட்டது உனக்குத் தெரியும். கட்டைப் பிரித்த பிறகும் இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. முதலில் காட்டிய இடத்தில் கட்டு போட்ட வீக்கம்தான் என்றார்கள். நானும் அஞ்சு நாள் தைலம் போட்டு உருவிவிட்டேன். உருவியதில் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அப்புறம்தான் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன். ஜெல்லி தடவி அழுத்தினால் நல்ல ரத்த நரம்பு திரையில் தட்டையாகி மூடிக்கொள்கிறது. முழங்காலுக்குப் பின்னால் ஓர் இடத்தில் எவ்வளவு அழுத்தியும் மூடவில்லை, கட்டி அங்கேதான். நானே பார்த்தேன்.

நீ கேட்டதையேதான் டாக்டரிடம் நானும் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை. மேற்கொண்டு வளராமல் தடுக்கிறது. இருப்பதை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்கிறது. கால் நீலம் பாய்ந்து, காலே போய்விடும் என்ற நிலை வந்தால் கட்டியை அறுத்து எடுப்பார்கள், இல்லாவிட்டால் ரத்த நரம்புக்குள் மெல்லிய குழாய் விட்டுக் கரைப்பார்கள். அப்படி எடுத்தாலும் மாத்திரையை விட முடியாது. அமெரிக்காவில் 692 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்ததாம். குழாய் வைத்தியமும் சேர்த்துச் செய்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்கள், இரண்டு பக்கமும் பின்னாளில் கால் வலியும் வீக்கமும் தங்கியவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர். ரத்தக்கசிவு மட்டும் குழாய் வைத்தவர்களுக்கு அதிகம். 68 வயதில் நைனாவுக்கு அது எதற்கு?

ரிவரோக்ஸபான் என்ற மாத்திரை. முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 20 ஒரே வேளை, சாப்பாட்டோடு. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். எதிர்வீட்டு அக்கா இதய வால்வுக்குப் போடுகிற மாத்திரை மாதிரி அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிற தொல்லை இல்லை. முருங்கைக்கீரைக்கும் அளவு பார்க்க வேண்டாம். முட்டி வலிக்கு அவராக வாங்கிப் போடும் மாத்திரையை மட்டும் பிடுங்கி வைத்துவிட்டேன். அது சேர்ந்தால் ரத்தம் கசியுமாம்.

தினமும் காலையில் டேப் வைத்து இரண்டு காலையும் அளக்கிறேன். நாலு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது, இன்றைக்கு இரண்டரை. சாயங்காலம் தெருமுனை வரை நடக்கிறார். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அந்த நிமிஷமே கூட்டிக்கொண்டு ஓடுவேன், பை தயாராக வைத்திருக்கிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு நீ ஃபோன் பண்ணு. மாத்திரை போட்டாயா நைனா என்று நீ கேட்டால் அவர் மறக்க மாட்டார்.

அம்மா
சத்துவாச்சாரி