சாயல் என்றால் வேடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தவக்காலத்தையொட்டி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். ‘இயேசு எடுத்தது ஆதாம் பாவத்தில் விழுவதற்கு முன்பிருந்த இயல்பே, வீழ்ந்த இயல்பை எடுத்தார் என்பது இருபதாம் நூற்றாண்டில் முளைத்த பிழை’ என்ற வரி முதல் முறை கண்ணில் படாமல் போயிற்று. இரண்டாம் முறை பட்டபோது பேனாவைத் தேடினேன்.

முதலில் காலக்கணக்கு. எட்வர்ட் இர்விங் லண்டனில் ஸ்கொட்லாந்துச் சபையின் போதகராக இருந்தவர். இயேசு நம்முடைய வீழ்ந்த மாம்சத்தையே எடுத்தார், பரிசுத்த ஆவியின் வல்லமையால் அதில் பாவம் தலையெடுக்காமல் காத்தார் என்று 1830இல் ஒரு நூலே எழுதினார். 1833இல், அவர் பிறந்த அன்னன் என்ற ஊரிலேயே அவரை விசாரித்துப் பதவியைப் பறித்தார்கள். அடுத்த ஆண்டு, 42 வயதில், இறந்துபோனார். இருபதாம் நூற்றாண்டு இறையியலாளர்களான கார்ல் பார்த்தும் டொரன்ஸும் இதே திசையில் பேசியது பிறகுதான்.

கட்டுரையாளர் தம் வாதம் முழுவதையும் ரோமர் 8:3இல் உள்ள ஒரு சொல்லின் மேல் ஏற்றியிருக்கிறார். தேவன் தம் குமாரனைப் ‘பாவமாம்சத்தின் சாயலாக’ அனுப்பினார் என்கிறது வசனம். சாயல்தானே, அசல் அல்லவே என்கிறார் அவர். எங்கள் ஊரில் ஒரு குழந்தையைத் தூக்கிப் பார்த்து ‘அப்படியே தகப்பன் சாயல்’ என்று சொன்னால், பிள்ளை தகப்பனைப் போல வேடம் போட்டிருக்கிறது என்றா பொருள்? இரத்தம் ஒன்று என்பதால்தானே சாயல் வருகிறது! தமிழ்ச் சொல்லை வைத்து வழக்காடாதே, கிரேக்கத்தைப் பார் என்பார்கள். பார்ப்போம். பவுல் அங்கே எழுதிய ‘ஹொமொயோமா’ என்ற சொல்தான் பிலிப்பியர் 2:7இல் ‘மனுஷர் சாயலானார்’ என்ற இடத்திலும் இருக்கிறது. அங்கும் சாயல் வெறும் தோற்றம் என்றால் இயேசு மனிதரே இல்லை என்றாகிவிடும். அந்தக் கொள்கையைத் திருச்சபை ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே தள்ளிவிட்டது.

இருந்தாலும் பவுல் ‘பாவமாம்சத்தில்’ என்று நேரே எழுதிவிடவில்லை. ‘பாவம் அறியாத அவர்’ என்று 2 கொரிந்தியர் 5:21இல் எழுதியவரும் அவர்தானே. அந்த எச்சரிக்கையை நான் மறுக்கவில்லை.

எங்கள் தரப்பிலும் ஒரு குறை உண்டு. ‘ஏற்றுக்கொள்ளப்படாதது குணமாக்கப்படவில்லை’ என்ற, நான்காம் நூற்றாண்டு ஆயர் நசியான்சு கிரகோரியாரின் வாக்கைப் பிரசங்க மேடையில் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். ஏறத்தாழ 382இல் கிளெதோனியுஸ் என்ற குருவுக்கு அவர் எழுதிய கடிதத்தில் வருவது அது. இயேசுவுக்கு மனித உடல் இருந்தது, மனித மனம் இருக்கவில்லை என்ற அப்பொலினாரியுவின் போதனைக்கான பதில். வீழ்ந்த இயல்பா, வீழாத இயல்பா என்பது அன்று அவர் முன்னிருந்த கேள்வி அல்ல. ஆனாலும் அந்த வாக்கு அங்கேயே நின்றுவிடவில்லை என்பது என் எண்ணம். என்னில் நோயுற்றிருப்பது என் சித்தம் என்றால், அவர் தொட வேண்டியதும் அதைத்தானே?

என் அயலவர் கத்தோலிக்கர். மாலையில் உட்துறைமுக வீதி வழியே நடக்கும்போது இதைப் பற்றித்தான் பேச்சு. மரியாளே ஆதாம் வழி வரும் ஜென்மப் பாவமின்றி உற்பவித்தார் என்று 1854இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் பிரகடனம் செய்திருக்கும்போது, மகனுக்கு வீழ்ந்த இயல்பு எந்த வழியாக வரும் என்று கேட்கிறார். அவருடைய நம்பிக்கைக்குள் நின்று பார்த்தால் வலுவான கேள்வி. ஆனால் பசி, தாகம், மரணம் ஆகியவற்றை இயேசு மெய்யாகவே ஏற்றார், பாவத்தின் பக்கம் இழுக்கும் இச்சையை மட்டும் ஏற்கவில்லை என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் அக்குவினாஸ் பிரித்துச் சொன்னதை எனக்குக் காட்டித்தந்தவரும் அவரே. வீழ்ச்சியின் காயம் வேறு, வீழ்ச்சியின் சாய்வு வேறு. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிந்துவிட்டது.

காயத்தை அவர் சுமந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாய்வு இருந்ததா என்ற இடத்தில் இர்விங்கோடு முழுத் தூரமும் போகத் தயங்குகிறேன். இச்சையோடு பார்ப்பதே விபசாரம் என்று மத்தேயு 5:28இல் சொன்னவருக்குள் அந்த இச்சை குடியிருந்தது என்று எப்படிச் சொல்வது? அதற்காக, சோதனை அவரைத் தொடாமல் வழுகிப் போயிற்று என்று எழுதுவதா? ‘எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும்’ என்ற எபிரெயர் 4:15 பிறகு எதற்கு? உப்புவெளிக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதியில் கயிற்றை விட்டவனுக்கு வலையின் பாரம் தெரியாது. மடி கரைக்கு ஏறும்வரை பிடித்தவனின் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும்.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் ‘என் சித்தத்தின்படியல்ல’ என்று அவர் சொன்னபோது, விட்டுக்கொடுக்க ஒரு மனித சித்தம் அவருக்கு இருந்தது. இதைச் சொன்னதற்காகத்தான் மாக்சிமுஸ் என்ற துறவியின் நாவையும் வலது கையையும் 662இல் துண்டித்தார்கள். திருச்சபையின் கொன்ஸ்தாந்தினோப்பிள் சங்கம் 681இல் அவர் போதித்ததையே ஏற்றது. சாவுக்கு அஞ்சுவது பாவமல்ல. ஆனால் ஏதேன் தோட்டத்து ஆதாமுக்கு அந்த அச்சம் இருந்ததாக நான் வாசித்ததில்லை.

கட்டுரையாளர் மீண்டும் எழுதுவதானால், ரோமரில் உள்ள சாயலையும் பிலிப்பியரில் உள்ள சாயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கட்டும். இருபதாம் நூற்றாண்டு என்ற வரியையும் திருத்திவிடலாம். என் அயலவரும் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறார், ஆனால் அவர் கட்டுரையாளரின் பக்கம்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.