பேத்திக்கு லாசிக்ஸ் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மல்லிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பேத்தி முப்பது வாரத்திலேயே பிறந்து, ஒரு மாதம் கழிந்தும் ஆக்சிஜனில் இருக்கிறாள், இப்போது உடம்பில் தங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸும் தொடங்கிவிட்டார்கள் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. நைட் டியூட்டி முடிந்த கையோடு எழுதுகிறேன்.

உன் அம்மாவுக்குக் கால் வீங்கியபோது கொடுத்த அதே மருந்துதான். ஆனால் பிஞ்சு உடம்பில் அது நடந்துகொள்ளும் விதமே வேறு. பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் பாதி மருந்து ரத்தத்தை விட்டுப் போய்விடும். குறைமாதக் குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முழுதாக வளராததால், அதே பாதி குறைய ஒரு நாள்கூட ஆகலாம். அதனால்தான் அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் போடுகிறார்கள். "ஏன் இன்னொரு ஊசி போடவில்லை" என்று உன் மருமகன் சண்டை போட வேண்டாம்.

இங்கே எங்கள் பச்சிளங்குழந்தை வார்டில் எப்படிச் செய்கிறோம் தெரியுமா? ஒரு மில்லியில் பத்து மில்லிகிராம் மருந்து. ஒன்றேகால் கிலோ குழந்தைக்கு வேண்டியது ஒன்றேகால் மில்லிகிராம்தான். அதை அப்படியே சிரிஞ்சில் எடுத்தால் சரியாக அளப்பதே கஷ்டம். ஒரு மில்லி மருந்தோடு ஒன்பது மில்லி சலைன் கலந்து, அதிலிருந்து எடுப்போம். கணக்கில் தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகிவிடும். ஒருவர் எடுக்க, இன்னொருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், வேகமாகப் போனால் காதுக்கு ஆகாது. அப்புறம் டயப்பரை எடை போடுவோம். காய்ந்திருந்தபோது பன்னிரண்டு கிராம், ஈரமானபின் முப்பது என்றால் பதினெட்டு மில்லி சிறுநீர் போயிருக்கிறது. ரவுண்ட்ஸ் வரும் டாக்டரின் முதல் கேள்வியே "மூத்ரம் ஒழிச்சோ?" (சிறுநீர் போனதா?) என்று மலையாளத்தில் கேட்பதுதான்.

நுரையீரலில் தங்கிய நீர் இறங்கினால் மூச்சு லேசாகும். அது கொஞ்ச நேர ஆறுதல்தான், நுரையீரல் தேறுவது குழந்தை எடை கூடி வளர்ந்துதான். பிறந்த முதல் சில நாள் மூச்சுத்திணறலுக்கு இந்த மருந்தைப் போடுவதால் பலன் கிடைப்பதில்லை. நீருடன் சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் போகும். அதற்குத்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். பல வாரம் தொடர்ந்தால் கால்சியம் சிறுநீரகத்தில் படியலாம், ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேள்.

இன்னொன்றை நீ விடவே கூடாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு இந்த மருந்தும், காதைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகவே ஓடின. காது சோதிக்காமலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஒன்றரை வயதில் அந்த அம்மா வந்து, "கூப்பிட்டால் திரும்பவே மாட்டேங்கிறான் சிஸ்டர்" என்றாள். மருந்தால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் பார்த்திருந்தால் ஒரு வருஷம் முன்பே தெரிந்திருக்கும். அவள் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பேத்தியை டிஸ்சார்ஜ் செய்யும் முன் பெரா என்ற காது கேட்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்.

ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தரை தடுப்பணைக்கு வந்துவிட்டது, இங்கே நடவு தொடங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை எனக்கு ஓய்வு, பொள்ளாச்சி பஸ்ஸில் வருகிறேன். ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வை, உட்கார்ந்து பார்ப்போம்.

உன்
சரசு