பெயரில்லாப் பாகங்களுக்குப் பெயர் தேடிய ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். பழைய வேக்குவம் கிளீனர்களையும் அவற்றின் உதிரி பாகங்களையும் சேகரித்துப் பாதுகாத்து வரும் நம் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

புதிதாகப் பாகங்களைச் சேர்ப்பதைச் சிறிது காலம் நிறுத்தி வைத்து, ஏற்கெனவே நம் அலமாரிகளில் பெயரில்லாமல் கிடப்பவை எவை என்று கண்டறிவதே இவ்வாண்டின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அப்போது சில உறுப்பினர்கள் தயங்கினார்கள். கிடைக்கும்போது வாங்கி வைக்காவிட்டால் பிறகு கிடைக்காதே என்று அவர்கள் கவலைப்பட்டது நியாயமானதுதான். ஆனாலும், எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று தெரியாத ஒரு கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு, பெட்டிக்குள் இருந்தாலும் இல்லாததற்குச் சமம் என்பதை நாம் பல முறை அனுபவத்தில் கண்டிருக்கிறோம். தேவைப்படும் நாளில் அதைத் தேடி எடுக்க ஒருவராலும் முடியாது.

மாதம் ஒரு முறை நடைபெற்ற கூட்டங்கள் தடையின்றி நடந்தன. செயற்குழு முறைப்படி கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அவர்கள் தனியே வாசிப்பார்கள் என்பதால் அதற்குள் நான் செல்லவில்லை.

ஆண்டின் தொடக்கத்தில், பழுது பார்க்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்து மறைந்த ஒருவரின் குடும்பத்தார் மூன்று மரப்பெட்டிகளை நம்மிடம் ஒப்படைத்தார்கள். அவற்றைத் திறந்த நாளை அங்கிருந்த எவரும் மறக்க மாட்டார்கள். தேய்ந்த கார்பன் பிரஷ்கள் ஒவ்வொரு ஜோடியாகப் பழுப்பேறிய காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மடிப்பின் மேலும் பென்சிலால் கருவியின் பெயர், மாடல் எண், மோட்டாரின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருந்தன. இடப்பக்கப் பிரஷ், வலப்பக்கப் பிரஷ் என்று பிரித்து எழுதும் பொறுமை அவருக்கு இருந்திருக்கிறது. பிரஷின் முனை, அது உரசி நிற்கும் செப்பு உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். அதைத் திருப்பி மாட்டினால் முழுப் பரப்பும் படியாமல் தீப்பொறி பறக்கும் என்பது மோட்டாரைக் கழற்றிப் பழகியவர்களுக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தின் வளைவே நமக்கு ஓர் அளவுகோலாகவும் பயன்பட்டது. காகிதம் கிழிந்து பெயர் அழிந்துபோன இரண்டு ஜோடிகளின் முனை வளைவை, நம்மிடம் இருந்த ஆர்மேச்சர்களின் (மோட்டாரின் சுழலும் பகுதிகளின்) மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, அவை எந்த அளவுக் கம்யூட்டேட்டரில் ஓடியவை என்பதைக் கண்டோம். அந்தப் பெரியவரின் முறையையே இனி நம் சங்கத்தின் முறையாகக் கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

அளவெடுக்கும் பணியில் இவ்வாண்டு கிடைத்த தெளிவைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எந்தப் பாகமாக இருந்தாலும் முதலில் வெர்னியர் காலிப்பரால் மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்கிறோம். அளவு 6.35, 12.7, 31.75 என்று வந்தால் அவை முறையே கால் அங்குலம், அரை அங்குலம், ஒன்றேகால் அங்குலம் என்பதால், அங்குல முறையில் வடிவமைக்கப்பட்ட கருவி என்று எண்ண இடமுண்டு. ஹோஸின் முனை சரியாக 35 மி.மீ. என்று வந்தால், ஜெர்மன் கருவிகள் பலவற்றில் காணப்படும் அளவு அது என்று தேடலை அத்திசையில் திருப்பலாம். இது தேடலைத் தொடங்க உதவுமே தவிர, இதை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் எழுதிவிடக் கூடாது.

திருகுகளின் மரை இன்னும் நுட்பமானது. பிரிட்டனின் அங்குல மரையான விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. சிறிய மின்சாதனங்களில் பிரிட்டனில் பயன்பட்ட பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரையின் கோணம் 47.5 பாகை, அமெரிக்க அங்குல மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் 60 பாகை. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விட்டதால் நேர்ந்த ஓர் இழப்பையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் தயாரான ஒரு கருவியின் பேக்கலைட் (பழைய வகைக் கடின பிளாஸ்டிக்) மூடியில் ஒரு திருகு காணாமல் போயிருந்தது. அதன் பித்தளை மரைத் துளை 2 பி.ஏ. அளவு, அதாவது விட்டம் 4.7 மி.மீ., மரை இடைவெளி 0.81 மி.மீ. கைக்குக் கிடைத்ததோ 10-32 என்னும் அமெரிக்கத் திருகு. அதன் விட்டம் 4.83 மி.மீ., இடைவெளி 0.79 மி.மீ. முதல் ஓரிரண்டு சுற்றுகள் இலகுவாக உள்ளே சென்றன; பிறகு இறுகியது. இறுக்கமாக இருப்பது துருவினால்தான் என்று நினைத்து மேலும் திருகியபோது, பித்தளை வளையத்தைச் சுற்றியிருந்த பேக்கலைட் மெல்லிய ஓசையுடன் விரிசல் விட்டது. அன்று திருப்புளியைப் பிடித்திருந்தது நான்தான். அந்த மூடியைத் தூக்கி எறியாமல், விரிசல் தெரியும்படி மேசையின் மேலேயே வைத்திருக்கிறோம். பயிற்சிக்கு வரும் புதிய உறுப்பினர்கள் அனைவரும் முதலில் மரை அளவியைக் கையாளக் கற்ற பிறகே திருப்புளியைத் தொட வேண்டும் என்ற விதியும் அதன் பிறகே வந்தது.

காலத்தைக் கணிப்பதில் பெயர்த்தகடு பெரிதும் துணை செய்கிறது. தகட்டில் உள்ள அமெரிக்கக் காப்புரிமை எண் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தால் அத்தகடு 1935-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது; 30 லட்சத்தைத் தாண்டியிருந்தால் 1961-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. தயாரிப்பாளரின் அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1963-க்குப் பிற்பட்டது. 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் 1949-க்குப் பிற்பட்டது. பிரிட்டனின் கருவிகளில் மின்கம்பியின் உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்கள் இருந்தால் அந்தக் கம்பி பழைய முறையைச் சேர்ந்தது. பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் இருந்தால் 1969-க்குப் பின் போட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கம்பியின் வயது கருவியின் வயது ஆகாது. பழுது பார்த்தவர் மாற்றியிருக்கலாம். அதுபோலவே, குறுக்குப் பள்ளம் கொண்ட பிலிப்ஸ் திருகு 1930-களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது என்பதால், 1920-களின் கருவியில் அது காணப்பட்டால் யாரோ பின்னாளில் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று கொள்ள வேண்டும்.

நம் அலமாரியில் 'கைப்பிடி' என்ற சீட்டுடன் பல ஆண்டுகளாக இருந்த இரண்டு வளைந்த உலோகப் பட்டைகளைப் பற்றியும் இங்கே பதிவு செய்கிறேன். ஒரு கூட்டத்தில் இளம் உறுப்பினர் ஒருவர் அவற்றைக் கையில் எடுத்து, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, 'ஐயா, கை பட்டுத் தேய்ந்த இடம் எதுவுமே இல்லையே, அடிப்பக்கம் முழுக்க நீளவாக்கில்தானே கீறல் இருக்கிறது' என்று கேட்டார். கேள்வி மிகச் சரியானது. அவை கைப்பிடிகள் அல்ல. படுத்த நிலையில் தரையில் சறுக்கிச் செல்லும் உருளை வடிவக் கருவியின் சறுக்குப் பட்டைகள். 1921-இல் எலக்ட்ரோலக்ஸ் வெளியிட்ட மாடல் V அவ்வாறு சறுக்குப் பட்டைகளின் மேல் படுத்த நிலையில் வந்தது. பிற தயாரிப்பாளர்களும் அதே வடிவைப் பின்பற்றியதால், இந்தப் பட்டைகள் யாருடையவை என்று நாம் எழுதவில்லை. 'சறுக்குப் பட்டை, தயாரிப்பாளர் உறுதியில்லை' என்றே புதிய சீட்டு சொல்கிறது. அந்த இளம் உறுப்பினருக்கு அவையின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன்.

இதிலிருந்து பிறந்ததுதான் நம் புதிய சீட்டு முறை. இனி ஒவ்வொரு சீட்டிலும் பாகத்தின் பெயரோடு, 'உறுதி', 'ஊகம்', 'தெரியவில்லை' என்ற மூன்றில் ஒன்றும், அவ்வாறு கொண்டதற்கான காரணமும் இருக்கும். பாகத்தின் தோற்றம் மட்டுமே காரணமாக இருந்தால் அது ஊகமே. 1930-இல் வோர்வெர்க் நிறுவனம் வெளியிட்ட கோபோல்ட், கிராமபோன் மோட்டாரிலிருந்து உருவாக்கப்பட்ட கருவி. மோட்டார்கள் இப்படி ஒரு சாதனத்திலிருந்து வேறொன்றுக்குப் போயிருக்கும்போது, பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்வது எத்தனை ஆபத்தானது என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே காட்டும். மாறாக, ஹூவர் கருவியில் விரிப்பைத் தேய்க்கும் சுழல் உருளையின் மயிர்ப் பிரஷ் வரிசைகளுக்கு இடையே உலோகத் தட்டுப் பட்டைகள் இருந்தால், அந்த அமைப்பு 1926-இல் வந்த மாடல் 700-இல் அறிமுகமானது என்பதால், அதற்கு முந்தைய காலத்தை நாம் உறுதியாகவே விலக்கலாம்.

உலோகங்களை அடையாளம் காண்பதிலும் முன்னேறியிருக்கிறோம். அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்து 1936-இல் வெளிவந்த ஹூவர் 150, மெக்னீசிய வார்ப்பையும் பேக்கலைட் மூடியையும் கொண்டது. மெக்னீசியம் அலுமினியத்தை விட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவானது. சந்தேகம் இருந்தால், மறைவான இடத்தில் சுத்தம் செய்த பரப்பில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார்க்கிறோம். மெக்னீசியமாக இருந்தால் உடனே நுரைக்கும், அலுமினியத்தில் அப்படி நடக்காது. பார்த்தவுடன் துடைத்துக் கழுவிவிட வேண்டும். மெக்னீசியம் என்று தெரிந்த பாகத்தை எக்காரணம் கொண்டும் இயந்திரத்தால் உராய்ந்து மெருகேற்றக் கூடாது. அதன் நுண்தூள் எளிதில் தீப்பிடிக்கும். இதைக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொன்னோம், இப்போதும் சொல்கிறேன்.

பாதுகாப்பு குறித்து மேலும் இரண்டு செய்திகள். பழைய தூசிப் பையை உலர்ந்த நிலையில் அறைக்குள் உதறக் கூடாது. அது எந்த வீட்டின் எந்தத் தூசியை உறிஞ்சியது என்று நமக்குத் தெரியாது. ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சுத் தூளும் அதில் இருக்கலாம். முகக்கவசம் அணிந்து, ஈரப்படுத்தி, வெளியில் வைத்துத் திறக்க வேண்டும். அடுத்து, கழற்றிய மோட்டாரை நேராக மின் இணைப்பில் செருகக் கூடாது. சீரிஸ் பல்ப், அதாவது மோட்டாரோடு தொடராக இணைத்த பல்ப் வழியாகவே முதலில் சோதிக்க வேண்டும். 110 வோல்ட்டுக்கானதை 230 வோல்ட்டில் மாட்டிவிட்டாலும் பல்ப் பெரும்பகுதி அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். உறிஞ்சு விசிறி இல்லாமல் முழு மின்னழுத்தத்தில் ஓட்டினால் சுமையற்ற அந்த மோட்டார் வேகம் ஏறிக்கொண்டே போய்ச் சிதறக்கூடும்.

உறுப்பினர்களிடையே இவ்வாண்டு மிகுதியாக விவாதிக்கப்பட்டது, முழுக் கருவியைப் பிரித்துப் பாகம் எடுக்கலாமா என்ற கேள்வி. ஓடக்கூடிய ஒரு கருவியை, வேறொன்றில் குறைந்திருக்கும் ஒரு ஸ்விட்சுக்காகக் கழற்றுவதை நான் ஏற்கவில்லை. ஒரு கருவி நிறைவடைவதற்காக இன்னொன்று அழிவது சேகரிப்பு ஆகாது. எரிந்துபோனது, உடைந்தது, அல்லது துத்தநாக வார்ப்பு உள்ளுக்குள் விரிசலிட்டுத் தூளாகிவிட்டது என்று மூவர் பார்த்து உறுதி செய்த கருவியை மட்டுமே பிரிக்கலாம் என்றும், பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்து, ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்தின் குறிப்போடு வைக்க வேண்டும் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இதைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன்.

வரும் ஆண்டில் ரப்பர் பாகங்களைக் கவனிக்க எண்ணியிருக்கிறோம். பெல்ட்டுகளும் கேஸ்கெட்டுகளும் இறுகி உடைந்துகொண்டிருக்கின்றன. அவை இருக்கும்போதே அவற்றின் நீளம், அகலம், தடிமன் ஆகியவற்றை அளந்து, தாளில் வைத்து எல்லைக்கோடு வரைந்துவிட்டால் பின்னர் அதே அளவில் செய்துகொள்ளலாம். துணி சுற்றிய பழைய ஹோஸ்களை மடிக்காமல் தொங்கவிட ஒரு சட்டமும் தேவை. இவ்விரு பணிகளுக்கும் முன்வரும் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் தங்கள் பெயரை என்னிடம் கொடுக்குமாறு வேண்டுகிறேன்.

இந்த ஆண்டறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்