பட்டறை அண்ணன்களுக்கு: கூலியைத் தனியாகச் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணே. என் காரில் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பேட்டரி வரைக்கும் வீட்டு வாசலில் நானே மாற்றிக்கொள்கிறேன். கிளட்ச், பிரேக் லைன், சஸ்பென்ஷன் என்றால் உங்களிடம்தான் வருகிறேன். வந்தவுடன் பானட்டைத் திறப்பதற்குள் ‘யார் கை வெச்சது?’ என்கிறீர்கள். சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் நானே பாகம் வாங்கி வந்துவிட்டால் முகமே மாறிவிடுகிறது, சிலர் வேலையையே எடுப்பதில்லை.

முதல் கேள்வி நியாயம்தான். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில், ஸ்பேனருக்குப் பலம் கூட்ட பைப்பை மாட்டி முறுக்கி, சம்ப்பில், அதாவது அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில், மரையைக் காலி செய்துவிட்டு, ‘நான் தொடவே இல்லை’ என்று உங்கள் முன்னால் சாதிக்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு.

பாக விஷயம் வேறு. கூலியைக் குறைத்துச் சொல்லிவிட்டு, ஸ்பேர் கடை தரும் மார்ஜினில் அதை ஈடுகட்டுகிறீர்கள். நாங்கள் பாகத்தோடு வந்தால் அது உங்கள் கூலியில் கை வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. இதை வாய்விட்டுச் சொல்ல முடியாததால், ‘இந்த பார்ட் டூப்ளிகேட்’ என்று சண்டை போடுகிறோம். எதற்கு? கூலியைத் தனியாக, உங்கள் வேலைக்கு ஏற்ற மாதிரி கூட்டியே போடுங்கள். நான் கொண்டு வந்த பாகத்துக்கு கியாரண்டி கிடையாது என்று பில்லிலேயே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பழுதைக் கண்டுபிடிப்பதற்கும் தனியாக வாங்குங்கள். செக் என்ஜின் லைட் எரிகிறது, மலிவு ஸ்கேனரை மாட்டினால் பி0171 என்று வருகிறது. கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம் என்பதுதான் அதன் பொருள், எந்தப் பாகம் போயிற்று என்று அது சொல்லாது. வீடியோ பார்த்து சென்சார் மாற்றுகிறோம், லைட் மறுபடி எரிகிறது. நீங்களோ வண்டியை ஐடிலில் விட்டு, என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் ஹோஸ் இணைப்பில் கார்ப் கிளீனர் ஸ்பிரேயை லேசாக அடித்து, என்ஜின் சத்தம் மாறும் இடத்தில் விரலை வைத்து வெடிப்பைக் காட்டிவிடுகிறீர்கள். அப்புறம் ‘ஒரு ஹோஸுக்கு இவ்வளவா’ என்று நாங்கள் பேரம் பேசுகிறோம் பாருங்கள், அது தப்பு. காசு அந்தக் காதுக்கு.

இன்னொன்று. உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் அடைத்து வைத்ததற்காக, 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே பாகம் கிடைக்க வேண்டும் என்பது உங்கள் பிழைப்புக்கும் தேவை, என் வாசல் வேலைக்கும் தேவை. வெளியே வாங்கி வருகிறவனை நீங்களே விரட்டினால் எப்படி?

பட்டறை வாசலில் கூலிப் பட்டியல் ஒன்று மாட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே டிக்கியில் போட்டுவிடுங்கள். அடுத்த மாதம் கிளட்ச் வேலை இருக்கிறது. கிட் நான் வாங்கி வந்தால் கூலி எவ்வளவு, நீங்கள் வாங்கினால் எவ்வளவு என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், வண்டியை விடுகிறேன்.