சீருடையைக் கழற்றினால் கலகமா?

ஆசிரியருக்கு,

கன்னியாஸ்திரிகளின் சீருடையைக் கழற்றிக் காட்டினாலே மத எதிர்ப்பு என்று நினைக்கும் 'வயது வந்தோர்' படங்கள் சலித்துவிட்டன. சென்ற ஞாயிறு வெள்ளவத்தையில் நண்பர் வீட்டில் ஸ்பானிய இயக்குநர் லூயி புனுவலின் 'விரிதியானா' பார்த்தோம். 1961இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வென்ற படம். ஸ்பெயினிலோ 1977 வரை தடை. கன்னியாஸ்திரியாகவிருந்த விரிதியானா இரக்கப்பட்டு வீட்டில் இடங்கொடுத்த பிச்சைக்காரர்கள், குடிவெறியில் இயேசுவின் கடைசி இராப்போசனம்போல் மேசையில் வரிசையாக உறைந்து நிற்க, ஒருத்தி பாவாடையைத் தூக்கி அவர்களைப் 'படம்பிடிக்கிறாள்'. அவ்வளவுதான், நிர்வாணமே இல்லை. பூசைக்குப் போய்வந்த நண்பரின் மாமி சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் எழும்பிப் போகவில்லை (தேத்தண்ணி ஆறிப்போனதுதான் மிச்சம்). முடிந்ததும், "அந்தப் பிள்ளை செய்த தர்மத்துக்கு இதுவா கூலி?" என்று கேட்டார். இரவு பத்தரை வரை அதுதான் பேச்சு.

வாசகர்,
கொழும்பு 06